ஐந்தாவது ஏன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை மறைக்கவும் தெரியாது. ஒரகடத்தில் ரப்பர் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருடமாகத் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். என் மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். வேலை என்னவோ சின்னதுதான். வளையங்களும் வாஷர்களும் தட்டுத்தட்டாக வரும். ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்து, இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்ப்பேன். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் சிவப்புத் தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை, கை தானாகச் செய்யும்.

யோசிக்கிற வேலை இன்னொன்று உண்டு. ஒரு பழுது திரும்பத் திரும்ப வந்தால் 'ஏன்-ஏன்' தாள் எழுத வேண்டும். பழுது ஏன் வந்தது என்று கேட்டு ஒரு பதில், அந்தப் பதில் ஏன் என்று கேட்டு இன்னொரு பதில், இப்படி ஐந்து தடவை. இந்தப் பக்கத்தில் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இந்தத் தாள் இருக்கும். பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் இரண்டே விஷயம்தான் சொல்லுவேன். நாற்காலியில் உட்கார்ந்து எழுதாதே, மெஷின் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு எழுது. கடைசிப் பதிலாக ஆளைப் போடாதே. 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று முடித்த எத்தனையோ தாள்களை நான் கையெழுத்துப் போடாமல் திருப்பி எறிந்திருக்கிறேன். ஆள் தப்புச் செய்கிறான் என்றால் அவனைத் தப்புச் செய்ய வைத்தது எது என்று தேடு என்பேன்.

ஊருக்கெல்லாம் இதைச் சொன்ன நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் மணிமங்கலத்துக்காரர். நான் கோவில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்து, வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் ஒரே அறையில் எட்டுப் பேரோடு கிடந்தவள். கல்யாணம் ஆன புதிதில் அவர் ஒரு பெரிய கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். ஒன்பது வருடம் ஒரே அசெம்பிளி லைனில் நின்றார். ஒருநாள் அவர் ஷிப்டில் போன ஒரு லாட் சரக்கு முழுக்கப் பழுது என்று திரும்பி வந்தது. அங்கேயும் ஏன்-ஏன் தாள் எழுதினார்கள். ஐந்தாவது பதிலாக ஆபரேட்டர் கவனக்குறைவு என்று போட்டு, அவர் பெயரையும் எழுதினார்கள். அடுத்த மாதம் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. பொருளைப் பிடித்து நிறுத்தும் கிளாம்ப் தேய்ந்துபோய் இருந்ததுதான் காரணம் என்று ஆறு மாதம் கழித்து ஒரு நண்பர் வந்து சொன்னார். கம்பெனியிலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம்தான் ஒரு பழைய டீசல் பிக்கப்பை வாங்கினோம். வடக்குப்பட்டுப் பக்கத்தில் பிளாஸ்டிக் பாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனியிலிருந்து சரக்கை ஏற்றி, ஒரகடத்தில் ஒரு பெரிய தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் இறக்குவார். ஒரு நாளைக்கு மூன்று நடை. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்திய முதல் நாள் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இனிமே எவனும் என் பேர எய்த முடியாது."

அந்த வண்டிக்கு நானும் என் பங்குக்குச் செய்வேன். வெள்ளிக்கிழமை தோறும் காலையில், அவர் வண்டியை எடுக்கும் முன்னால், போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் பைப்பால் அடித்து, ஒரகடம் ரோட்டுப் புழுதி முழுக்க இறங்கும்வரை கழுவுவேன். சக்கரத்துக்குள், சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அடியில், டீசல் டேங்கைச் சுற்றி, ஒரு இடம் விடமாட்டேன். அப்புறம் மஞ்சள், குங்குமம், சூடம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். கம்பெனிப் பழக்கத்தில், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கிற டேஷ் பெட்டியையும் விடுவதில்லை. வேண்டாத பொருள் ஒன்றும் அதில் தங்காது. விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டிய ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரத்தில் மட்டும் மத்தியானம் வந்து கழுவுவேன்.

புகை ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. நாங்கள் படப்பையில் புது மனைகளுக்கு நடுவே குடியிருக்கிறோம். அவர் சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து வெள்ளையாகக் கிளம்பி, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகளை மூடிவிட்டது. எதிர்வீட்டு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"இன்னாக்கா, கொசு மருந்து அடிக்கிற வண்டி வாங்கிக்கினீங்களா?"

சிரித்துவிட்டுத்தான் போனோம். ஆனால் அடுத்த வாரம் தொழிற்சாலை கேட்டில் சிரிக்கவில்லை. அங்கே உள்ளே நுழையும் வண்டிகளில் சிலதைச் செக்யூரிட்டி நிறுத்திச் சோதிப்பார். ஆயில் ஒழுகுகிறதா, புகை வருகிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுவார். மூன்று தடவை ஒரே குறையை எழுதினால் கேட் பாஸ் ரத்து. பாஸ் போனால் அந்த மூன்று நடையும் வேறு வண்டிக்குப் போய்விடும். எங்களை நம்பி வேறு யாரும் சரக்குத் தரக் காத்திருக்கவில்லை. முதல் தடவை செக்யூரிட்டி எழுதிவிட்டார் என்று வீட்டுக்காரர் சொன்ன அன்றைக்கே நான் பேனாவை எடுத்தேன்.

புகை கறுப்பென்றால் டீசல் சரியாக எரியவில்லை. நீலமென்றால் ஆயில் எரிகிறது. வெள்ளையென்றால் பெரும்பாலும் தண்ணீர். அதுவரைக்கும் நான் நினைத்தது சரிதான். அப்புறம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, வண்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல், கடகடவென்று எழுதினேன். ஏன் வெள்ளைப் புகை? எஞ்சினுக்குள் தண்ணீர் போகிறது. ஏன் போகிறது? தண்ணீரை உள்ளே விடாமல் அடைக்கிற ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஏன் போனது? எஞ்சின் சூடேறியிருக்கிறது. ஏன் சூடேறியது? ரேடியேட்டரில் தண்ணீர் இல்லாமல் ஓடியிருக்கிறது. ஏன் தண்ணீர் இல்லை?

டிரைவர் கவனக்குறைவு.

எழுதும்போது பேனா ஒரு நொடிகூட நிற்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவரிடம் அந்தத் தாளைக் காட்டவில்லை. அவ்வளவு புத்தி இருந்தது. பதிலுக்கு ஒரு செக் ஷீட் போட்டு பிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டினேன். தேதி, கிழமை, காலையில் ரேடியேட்டர் தண்ணீர் எந்த அளவு, புகை இல்லையா, கொஞ்சமா, நிறையவா. தினமும் வண்டியை எடுக்கும் முன்னால் எழுத வேண்டும். ஏன்-ஏன் தாளை அதற்குப் பின்னால் சொருகிவைத்தேன்.

"இன்னாம்மா இது, வூட்டுக்குள்ளயே கம்பெனி நடத்துற?" என்று கேட்டார்.

"எழுதுனா தெரிஞ்சுட்டுப் போகுது."

எழுதினார். ஒருநாள்கூட விடாமல் எழுதினார். தண்ணீர் கட்டத்தில் தினமும் 'ஃபுல்', 'ஃபுல்', 'ஃபுல்'. புகை மட்டும் ஒருநாள் நிறைய, ஒருநாள் கொஞ்சம் என்று மாறி மாறி இருந்தது.

நடுவில் மணிமங்கலம் ரோட்டில் இருக்கிற மெக்கானிக்கிடம் நானே போனேன். ஹெட் கேஸ்கட் போய்விட்டது, எப்போது மாற்றித் தருவீர்கள் என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தண்ணி கொறையுதாம்மா? பொகை வாசன எப்டி கீது? இனிப்பா அடிக்குதா, இல்ல பச்ச டீசல் மாரி கண்ணு எரியுதா?"

"வாசம் பாக்கதுக்கு அது என்ன சாம்பாரா?" என்றேன்.

கோபம் வந்தால் எனக்குக் கோவில்பட்டி வந்துவிடும். அவர் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கேஸ்கட்தான் என்றால் எஞ்சின் தலையை இறக்க வேண்டும், பெரிய வேலை, வண்டி ஒரு வாரம் நிற்கும், நீங்கள் சொன்னால் செய்கிறேன் என்றார். நியாயமான மனிதர் கேட்ட நியாயமான கேள்வி, வாசனையை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். நான் பதில் சொல்லியிருந்தால் மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாவது தடவையும் கேட்டில் எழுதிவிட்டார்கள். அன்று மாலை நான் செக் ஷீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு குதித்தேன்.

"பொகை வருது, ஆனா தண்ணி மட்டும் தெனம் ஃபுல்லா? யாருகிட்ட காது குத்துதீக? பாக்காமலே எழுதி வச்சிருக்கீக."

லைனில் இது சகஜம். திங்கட்கிழமையே ஆறு நாளுக்கும் டிக் அடித்து வைத்துவிடுவார்கள். அப்படி எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன். ஆனால் இவர் அந்த ரகம் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் வாய் நிற்கவில்லை.

அவர் சண்டை போடவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்தார். அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வண்டிய குட்த்துடலாம். புரோக்கர் ஒர்த்தர் அடுத்த ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்னாரு. நான் மறுபடி லைனுக்கே போறேன்."

எனக்குச் சுருக்கென்றது. லைனுக்குத் திரும்பிப் போவது அந்த மனிதருக்கு என்ன என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? போகாதீங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொய்க் கணக்கு எழுதுகிறார் என்று நிரூபித்துவிட்டால் அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புத்தி அப்படித்தான் போனது.

ஞாயிறு போய்த் திங்கட்கிழமை. அவர் குளிக்கப் போனபோது பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் தண்ணீர் டப்பாவில் மார்க்கர் பேனாவால் தண்ணீர் மட்டத்துக்கு நேராக ஒரு கோடு போட்டேன். மயிரிழைக் கோடு. கம்பெனியில் யாராவது இப்படி எனக்குத் தெரியாமல் செய்திருந்தால் ரகளை பண்ணியிருப்பேன். செவ்வாய் போய்ப் பார்த்தேன். தண்ணீர் கோட்டிலேயே இருந்தது. புதனும் வியாழனும் அப்படியே. அவர் மேலே ஊற்றிச் சரிக்கட்டுகிறாரோ என்று மூடிமேல் ஒரு சிட்டிகைப் பவுடர்கூடத் தூவிவைத்தேன், அதுவும் கலையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் குறையவில்லை. கேஸ்கட் போயிருந்தால் குறைந்தே ஆக வேண்டும். அவர் எழுதிய 'ஃபுல்' ஒவ்வொன்றும் உண்மை.

வியாழக்கிழமை மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்து, பிரிட்ஜ் முன்னால் நின்றேன். அவரைப் பிடிப்பதற்காக இல்லாமல் முதல் தடவையாக அந்தச் செக் ஷீட்டைச் சும்மா படித்தேன். புகை நிறைய, நிறைய என்று எழுதியிருந்த நாள்களுக்கு நேரே கிழமையைப் பார்த்தேன். வெள்ளி, சனி. ஞாயிறு வண்டி நிற்கும். திங்கள் கொஞ்சம். செவ்வாய், புதன், வியாழன் இல்லவே இல்லை. நாலு வாரத்தில் மூன்று வாரம் இப்படி. ஒரு வாரம் மட்டும் வெள்ளிக்கிழமையும் புகை இல்லை, சனிக்கிழமையும் இல்லை. கேட்டில் எழுதிய இரண்டு நாளும் சனிக்கிழமை.

புகை இல்லாத அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது? தம்பி பெண்ணுக்குக் காது குத்து என்று நான் கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். வண்டி கழுவவில்லை.

வாசலுக்கு ஓடினேன். அவர் அங்கே தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். "ஏங்க, டீசல் மூடியக் கொஞ்சம் திறங்க" என்றேன். ஏன் என்று கேட்காமல் திறந்து என் கையில் கொடுத்தார். நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். மூடியின் உள்பக்கம் ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறது. அந்தப் பள்ளத்தில் ஒரு ரப்பர் வளையம் உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லை. துருதான் இருந்தது.

"ரிங் எங்க?"

"அது வெடிச்சி கயண்டு வந்துச்சு. கடைல காட்டி அதே சைஸ் வாங்கலாம்னு டேஷ் பெட்டில வெச்சிருந்தேன். அப்பறம் தேடனேன், காணோம். கீய வியுந்துடுச்சு போலன்னு வுட்டுட்டேன்."

கீழே விழவில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நான்தான் அந்தப் பெட்டியைத் துடைத்தேன். உள்ளே ஒரு கறுப்பு வளையம் கிடந்தது. எடுத்தேன், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், இரண்டு விரலால் இழுத்தேன். வெடிப்பு தெரிந்தது. குப்பைக் கூடையில் போட்டேன். எதனுடைய வளையம், ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. என் மேசைக்கு வருகிற வளையங்களைப் பற்றி நான் அப்படிக் கேட்பதில்லையே. அதற்கப்புறம் வாரா வாரம் ஹோஸ் பைப்பை டீசல் டேங்க்மேல் பிடித்து, சுத்தம் சுத்தம் என்று தண்ணீரை உள்ளே விட்டுவிட்டு, மேலே குங்குமமும் வைத்திருக்கிறேன்.

"நான்தாங்க தூக்கிப் போட்டேன்" என்றேன். "வெடிச்சிருக்குன்னு போட்டேன். தண்ணிய உள்ள விட்டதும் நான்தான்."

அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். டீசல் பில்டருக்குக் கீழே தண்ணீரை வடிப்பதற்கு ஒரு திருகு உண்டு. உள்ளே தண்ணீர் சேர்ந்தால் எரிய வேண்டிய எச்சரிக்கை விளக்கு நாங்கள் வாங்கிய நாளிலிருந்தே செத்துத்தான் கிடந்தது. நான் ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்துக் கொடுத்தேன். திருகைத் தளர்த்தி அதில் பிடித்தார். பாட்டிலை நிமிர்த்தி வைத்துக் காத்திருந்தோம். மேலே டீசல், கீழே தண்ணீர், நடுவில் நேராக ஒரு கோடு. தண்ணீர்தான் பாதிக்கு மேல் இருந்தது.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையாக வந்தது. அவர் பாட்டிலைத் தூக்கி வெயிலில் காட்டி, "பாத்தியா, கேஸ்கட் கீஸ்கட்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். சந்தோஷம்தான் அவர் குரலில் இருந்தது. அதுதான் என்னை இன்னும் அழவைத்தது.

மெக்கானிக் மறுநாள் மத்தியானம், நான் ஷிப்ட் முடிந்து வந்ததும் வந்தார். டேங்கை வடித்துக் கழுவி, பில்டரை மாற்றி, மூடிக்குப் புது வளையம் போட்டு ஓட்டிப் பார்த்தார். முதலில் கொஞ்சம் வெள்ளையாக வந்து, அப்புறம் நின்றது. "சாம்பார் வாசன இப்ப இல்லியே?" என்று என்னைக் கேட்டார். வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈரத் துணியால் துடைத்துக் குங்குமம் வைத்தேன். ஹோஸ் பைப்பைத் தொடவில்லை.

சனிக்கிழமை எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். லைனில் போன் கிடையாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அவர் கேட்டில் நிற்பார். செக்யூரிட்டி ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்வார். மூன்றாவது தடவை எழுதினால் அவ்வளவுதான். ஒன்பதரைக்கு நான் கையில் பிடித்திருந்த வளையத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனோ, பக்கத்துப் பெண் தோளைத் தொட்டு, "என்னக்கா, ரிஜெக்டா?" என்று கேட்டாள். நல்ல வளையம் அது. டீ நேரத்தில் ஓடிப்போய் லாக்கரைத் திறந்தேன். ஒரே ஒரு செய்தி. 'உள்ள வந்துட்டேன்.' அப்பாடா என்று கதவிலேயே சாய்ந்துகொண்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் செக் ஷீட்டைப் பிரிட்ஜிலிருந்து எடுத்தேன். பின்னால் சொருகிய ஏன்-ஏன் தாள் கையோடு வந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். கீழ் மூலையில், 'டிரைவர் கவனக்குறைவு' என்ற வரிக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை. கிரீஸ்.

தினமும் காலையில் செக் ஷீட்டைத் தூக்கி எழுதியவர் அவர். என்றைக்கோ அதையும் படித்திருக்கிறார். படித்துவிட்டு, அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வந்து 'ஃபுல்' என்று உண்மையை எழுதியிருக்கிறார். எவனும் என் பெயரை எழுத முடியாது என்று சொன்ன மனிதர். எவனும் எழுதவில்லை. நான் எழுதினேன்.

சாயங்காலம் அவர் வந்தபோது புதுசாக ஒரு தாள் எழுதி மேசையில் வைத்திருந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு பதிலும் நேரில் பார்த்தது. டீசலில் தண்ணீர், மூடி வழியாக வந்தது, மூடியில் வளையம் இல்லை. கடைசி வரியில் 'மனைவி கவனக்குறைவு' என்று போட்டிருந்தேன். அவர் நின்றபடியே படித்தார். என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கோணல் எழுத்தில் எழுதினார். கழட்டின சாமானுக்கு டேஷ் பெட்டியில் தனி டப்பா இல்லை.

"ஆளப் போடக் கூடாதும்மா. நீதான சொல்லிகினே இருப்ப."

நான் பழைய தாளையும் அவர் முன்னால் நகர்த்தினேன். கிரீஸ் ரேகை இருந்த தாள். இதையும் அடிச்சிருங்க என்றேன். அவர் அதைப் பார்த்தார். பேனாவின் மூடியைப் போட்டு, அதை என் பக்கம் வைத்தார்.

"அது நீ எய்தனது. நீயே அடி."

சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று புரோக்கருக்குச் சொல்ல போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். நான் உட்கார்ந்து அடித்தேன். அடித்த பிறகும் அந்த எழுத்து தெரிந்தது.